தாராவியின் விலைவாசியும் நிர்வாகவியல் நிபுணர்களும்



வியாபாரம் என்பது கடையில் அமர்ந்து கற்க வேண்டிய வித்தை என்றே நம் முன்னோர் கருதி வந்தனர். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற செட்டிநாட்டார் தம் பிள்ளைகளைப் பெட்டியடிப் பையனாக அமர்த்திப் படிப்படியாக உயர்த்தினார்களே அன்றி, கல்லூரிக்கு அனுப்பி வட்டிக் கணக்குப் பயிலச் செய்யவில்லை. அந்த வழக்கம் மாறி நெடுநாளாயிற்று. மும்பையில் 1963-ஆம் ஆண்டில் பவாய்ப் பகுதியில் தொழிற்பொறியியலுக்கென ஒரு தேசியப் பயிற்சி நிலையம் தோன்றியது. 2023-இல் அதுவே மும்பை இந்திய மேலாண்மைக் கழகமாகப் பெயர் பெற்றது. 1965-இல் பல்கலைக் கழகத்தின் ஆதரவில் ஜம்னாலால் பஜாஜ் நிர்வாகவியல் நிலையம் அமைந்தது. நம்மவர் நிறைந்து வாழும் மாட்டுங்காவிலேயே 1977-இல் வெலிங்கர் நிலையம் வந்தது. மாலை வேளையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காப்பி அருந்தச் செல்பவர்கள், புத்தகப் பையும் கழுத்துப் பட்டையுமாக வரும் அதன் மாணவர்களைக் காணாமல் திரும்ப முடியாது.

அந்த மாட்டுங்காவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் தாராவி இருக்கிறது. நிர்வாகவியல் நிபுணர்களுக்குத் தாராவியின்மீது தனிப்பற்று உண்டு. 2009-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி தாராவியைச் சீரமைப்பது குறித்து ஒரு பாடக்குறிப்பையே வெளியிட்டது. மறு ஆண்டு அதே பள்ளி, மும்பையின் டப்பாவாலாக்களைப் பற்றியும் ஒன்று எழுதியது. டப்பாவாலாக்களின் கதையை உலகம் போதிய அளவு கேட்டுவிட்டது, அதை விடுவோம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, தாராவியை முன்வைத்து ஒரு தமிழர் போட்ட கணக்கையும், அந்தக் கணக்கின்மீது எழுந்த வழக்கையும் பற்றியே. தில்லி கரோல்பாக்கிலோ, கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலோ இருந்து கேட்கும் நேயர்களுக்கும் அந்த வழக்கில் பங்கு உண்டு. ஏனெனில் வேற்றூரில் வாழ்கிறவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதுதான் அதன் மையம்.

அந்தத் தமிழர் சி. கே. பிரகலாத். 1941-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகம் படித்து, சென்னையில் ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, ஆமதாபாத் மேலாண்மைக் கழகத்திற்கும் பின்னர் ஹார்வர்டுக்கும் சென்றவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் நீண்ட காலம் பேராசிரியராக விளங்கி, 2010-இல் மறைந்தார். தொழிற்சாலையின் தரையில் நின்று தொழிலாளர்களோடு பழகியவர் என்பதை இங்கே நினைவிற்கொள்வது நல்லது. வகுப்பறையிலிருந்து வகுப்பறைக்கே சென்றவரல்லர் அவர்.

2002-ஆம் ஆண்டில் அவரும் ஆலன் ஹாம்மண்ட் என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு சிறு அட்டவணை இருந்தது. 2004-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலிலும் அது இடம் பெற்றது. ஒரு பத்தியில் தாராவி; மறு பத்தியில் செல்வர் வாழும் வார்டன் சாலை. இரண்டும் ஒரே மாநகரத்தில் உள்ளவை. ஒரே பண்டத்திற்கு இங்கே என்ன விலை, அங்கே என்ன விலை என்று அவர் பார்த்தார். அரிசிக்கு வார்டன் சாலையைவிடத் தாராவியில் 1.2 மடங்கு விலை. தொலைபேசிப் பேச்சுக்கு 1.8 மடங்கு. வயிற்றுப்போக்கு மருந்துக்கு 10 மடங்கு. குடிநீருக்கு 37 மடங்கு. கடனுக்கு? வார்டன் சாலைக்காரர் ஆண்டுக்கு 12 முதல் 18 விழுக்காடு வட்டி கொடுக்க, தாராவிக்காரர் 600 முதல் 1000 விழுக்காடு வரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கடைசி எண்ணைக் கேட்டதும் பலர் நம்ப மறுக்கிறார்கள். அச்சுப் பிழையோ என்றுகூடக் கேட்கிறார்கள். பிழையில்லை. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, அடுக்குப் பாத்திரத்தில் வைத்துச் சைக்கிளில் கொண்டு சென்று, சயான், மாஹிம், மாட்டுங்காத் தெருக்களில் விற்று வருகிறவர்களை நாம் அறிவோம். அப்படி ஒருவர் அரிசியும் உளுந்தும் வாங்குவதற்காகக் காலையில் 1000 ரூபாய் கைமாற்று வாங்கி, மாலையில் 1020 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது ரூபாய்தானே என்று அவருக்குத் தோன்றும். ஆனால் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 730 விழுக்காடு ஆகிறது.

தண்டல் என்று நாம் வழங்கும் முறையிலும் இதே சூட்சுமம்தான். 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயை முன்னமே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வாயளவில் அது நூற்றுக்குப் பதினைந்து. ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதல்லவா? நூறு நாளில் சராசரியாக அவர் கையிலிருந்த கடன் அந்த 8,500-இல் ஏறக்குறையப் பாதிதான். கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாராளமாகத் தாண்டிவிடும். செட்டிநாட்டுப் பெட்டியடிப் பையன் இதை ஒரு நொடியில் சொல்லியிருப்பான்.

பிரகலாத் இதிலிருந்து எடுத்த முடிவு துணிவானது. ஏழைகளிடம் பணமே இல்லை என்று பெரிய நிறுவனங்கள் ஒதுங்கி நிற்பது தவறு. அவர்கள் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேர்மையாகவும் திறமையாகவும் நடக்கும் நிறுவனங்கள் அந்தச் சந்தைக்குள் வந்தால் விலை குறையும், நிறுவனமும் லாபம் பெறும் என்றார் அவர். தரும சிந்தனையால் மட்டும் ஆகாததை வியாபாரம் செய்து முடிக்கும் என்பது அவர் நம்பிக்கை. 1976-இல் டாக்டர் வேங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அவர் விரும்பிக் காட்டிய உதாரணங்களுள் ஒன்று. சிறு பொட்டலத்தில் விற்கும் ஷாம்பு மற்றொன்று. அந்தப் பொட்டல வியாபாரமும் நம் கடலூர்க்காரர் கைவண்ணமே. கடலூரில் சின்னி கிருஷ்ணன் அதற்கு வழிகாட்டினார். அவர் புதல்வர் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனித்தொழில் தொடங்கி, சிக் என்ற பெயரில் அதை நாடெங்கும் கொண்டு சென்றார்.

இனி எதிர்வழக்கைக் கேட்போம். அது எழுந்த இடம் வியப்பானது. பிரகலாத் பணியாற்றிய அதே மிச்சிகன் வணிகப் பள்ளியில், அதே நடைக்கூடத்தில் நடமாடிய இன்னொரு பேராசிரியர் அனில் கர்னானி. ஏழைகளின் சந்தையில் பெருஞ்செல்வம் காத்திருக்கிறது என்பது கானல்நீர் என்று 2007-இல் அவர் எழுதினார். ஏழையின் வருவாயில் பெரும்பகுதி உணவுக்கும் எரிபொருளுக்குமே சரியாகிவிடுகிறது; எஞ்சுவது சொற்பம். அவனை நுகர்வோனாக மட்டும் பார்க்காதீர்கள், உற்பத்தி செய்பவனாகப் பாருங்கள். அவனுக்கு எதை விற்கலாம் என்று கேட்பதை விட்டு, அவனிடமிருந்து எதை வாங்கலாம், அவனுக்கு என்ன வேலை தரலாம் என்று கேளுங்கள் என்றார். குடிநீர், சுகாதாரம், பாதுகாப்பு ஆகியவற்றை வியாபாரியின் தலையில் சுமத்தி அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளலாகாது என்பதும் அவர் கட்சி.

இருவரில் யார் பக்கம் நியாயம்? பொட்டல ஷாம்பு வாங்கியதனால் எவரும் வறுமையிலிருந்து கரையேறியதாக நாம் அறியோம். அந்த அளவில் கர்னானி சொல்வதே சரி. ஆனால் அட்டவணையைப் போட்டவர் பிரகலாத் அல்லவா? ஏழை மலிவாக வாழ்கிறான் என்ற பொய்யை ஐந்தே வரியில் உடைத்தாரே, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஊரிலிருந்து உறவினர் வந்து, குடிசைவாசிக்கு என்ன செலவு என்று கேட்கும்போதெல்லாம் அந்த ஐந்து வரியை எடுத்துக் காட்டலாம் போலிருக்கும்.

எனினும் இருவரின் வாதத்திலும் உரிய இடம் பெறாத ஒன்று உண்டு என்பது நம் அபிப்பிராயம். ஒரே நகரத்தில் தண்ணீருக்கு 37 மடங்கு விலை ஏன் ஏற்பட்டது? தண்ணீர் விற்றவன் பேராசைக்காரன் என்பது மட்டும் விடையாகாது. மும்பையில் 1995-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கு முறையான குழாய் இணைப்பு இல்லை என்ற நிலை பல்லாண்டு நீடித்தது. அந்தத் தேதிக்கு முன்னரே குடியிருந்ததாகக் காட்டக் காகிதம் இருந்தால் நகராட்சி நீர். காகிதம் இல்லாவிட்டால் லாரி நீர், குடத்து நீர், அண்டை வீட்டார் குழாயிலிருந்து விலைக்கு வரும் நீர். தேதி எதுவாயினும் தண்ணீர் என்பது உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்தக் கதவு சற்றுத் திறந்தது. ஆகவே பிரகலாத் அளந்த 37 மடங்கில் ஒரு பெரும்பங்கு தண்ணீரின் விலையன்று. காகிதம் இல்லாமையின் விலை.

வட்டியும் அப்படித்தான். கைமாற்றுக் கொடுப்பவர் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. முகம் தெரிந்தால் போதும். வங்கி முகவரி கேட்கும், சான்று கேட்கும். 2020-இல் மத்திய அரசாங்கம் தெரு வியாபாரிகளுக்கென ஸ்வநிதித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கடனாக 10,000 ரூபாய் பிணையின்றிக் கொடுத்து, தவறாமல் கட்டுபவர்க்கு வட்டியில் 7 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்கிறது. 2025-இல் அந்த முதல் கடன் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 730 விழுக்காடு எங்கே, இது எங்கே! ஆனால் இதைப் பெறவும் நகராட்சி அளிக்கும் வியாபாரச் சான்றோ, பரிந்துரைக் கடிதமோ கையில் இருக்க வேண்டும். இட்லிக்காரர் மறுபடியும் காகிதத்தின் முன்னால்தான் வந்து நிற்கிறார்.

அட்டவணையின் பிற வரிகளைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. தொலைபேசிக் கட்டணத்தில் தாராவிக்கும் வார்டன் சாலைக்கும் இருந்த வேறுபாடு கைப்பேசி வந்தபின் மறைந்துவிட்டது. போட்டி வந்தால் விலை இறங்கும் என்ற பிரகலாதின் வாக்கு அந்த ஒரு வரியில் முழுமையாகப் பலித்தது என்றே சொல்ல வேண்டும். இன்று இட்லிக்காரரின் சைக்கிளிலும் பணம் செலுத்தும் கட்டப் படம் ஒட்டியிருக்கிறது.

விலையை விட்டு வேலைக்கு வருவோம். மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றவர்களுக்கு ஒரு சொல் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் என்கிறோம். ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே தமிழாக்கினால் வேறு வழியில்லை. ஆனால் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை நிறம் பிரித்து, தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி, உலர்த்தி, உருக்கிக் குருணையாக்கும் வரிசையைக் கண்டவர்கள், இதில் அமைப்பு இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் தொழிலில் தலைமுறைகளாக ஊன்றியவர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து கும்பார்வாடாவில் சக்கரம் சுழற்றுபவர்களும் அமைப்பு இன்றியா இத்தனை காலம் தொழில் நடத்துகிறார்கள்? அமைப்பு இருக்கிறது. பதிவேடுதான் இல்லை. பதிவேடு சாராத் தொழிலாளர் என்று எழுதியிருந்தால் பொருள் நேராக விளங்கியிருக்கும். ஆனால் அப்படி எழுத நமக்கு அதிகாரம் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நிர்வாகவியல் அரங்குகளில் அன்றுமுதல் இதே பேச்சு. சட்டங்களின் எண்ணிக்கை குறைந்தது, தொழில் நடத்துவது எளிது என்பது ஒரு சாரார் கருத்து. தொழிலாளியின் பிடிமானம் தளர்ந்தது என்பது மற்றொரு சாரார் கருத்து. தாராவியிலிருந்து பார்த்தால் கேள்வி வேறு விதமாக இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி இனி எல்லாத் தொழிலாளருக்கும் பொது என்கிறது ஒரு தொகுப்பு. அது வரவேற்கத்தக்கது. பாதுகாப்பையும் பணிநிலைமையையும் பற்றிய தொகுப்போ, பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே கருதுகிறது. நியமனக் கடிதம் என்ற காகிதம் அந்தத் தொகுப்பின் வழியாகத்தான் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும். தொழிற்சாலை என்ற பெயருக்கோ, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மின்விசையுடன் பத்துப் பேர் போதும் என்றிருந்தது இப்போது இருபது ஆயிற்று. மின்விசை இல்லாத இடத்தில் இருபது என்பது நாற்பது ஆயிற்று. ஆறு தையல் இயந்திரமும் ஏழு ஆளுமாக நடக்கும் ஒரு பட்டறை இந்த எண்களுக்கெல்லாம் கீழே இருக்கிறது. அங்கே தைப்பவருக்கு நியமனக் கடிதம் யார் கொடுப்பார்?

அந்தக் கடிதம் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்குத் தாராவியின் மறுநிர்மாணத் திட்டத்தையே பார்க்கலாம். 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. மகாராஷ்டிர அரசாங்கமும் அதில் ஒரு பங்குதாரர். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பே கீழ்த்தளத்தில் குடியிருந்ததாகச் சான்று காட்டுவோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பின்னர் 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வேறிடத்தில் வீடு. அதற்கும் பின்னர் வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் வசிப்பவர்களுக்கும் வேறிடத்தில் வாடகை வீடு. தவணையில் சொந்தமாக்கிக்கொள்ள வழியுண்டு. மேல்தளத்தில் வசிப்பவர் யார்? கீழே பட்டறை, மேலே பரண். பகலில் கீழே தைத்து, இரவில் மேலே படுப்பவர். இடுக்கமான இரும்பு ஏணிதான் அவருடைய அலுவலகப் பயணம். அந்த ஏணிப் பயணத்தின் இடத்தில் இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் வருமானால், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரின் வருவாயில் எத்தனை துண்டு குறையும்?

வேறிடம் என்பதில் ஒன்று, செம்பூரை அடுத்த தேவனார். அங்குள்ள குப்பைக் கிடங்கு நிலத்தில் 124 ஏக்கர் இத்திட்டத்திற்காக 2024-இல் ஒதுக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் நம்மவருக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்த ஜனதா காலனி, அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக 1976-இல் அகற்றப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்பில் குடியேற்றப்பட்டனர். இருந்த வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிடலாம். வாடிக்கையையும், கடன் சொல்லி வாங்கும் கடையையும், ஆள் குறைந்தால் கூப்பிட்டனுப்பும் பட்டறையையும் லாரியில் ஏற்ற முடியாது என்பதைச் சீட்டா கேம்ப் முதியவர்களிடம் கேட்டால் நூலில் இல்லாத நிர்வாகவியல் நிறையக் கிடைக்கும். அதே தேவனாரில் 1954 முதல் டாடா சமூக விஞ்ஞான நிலையம் இருக்கிறது. ஆய்வாளர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

மாட்டுங்கா மாணவர்களிடம் நாம் கேட்டுக்கொள்ள விரும்புவது ஒன்றே. பிரகலாதின் அட்டவணை கால் நூற்றாண்டை நெருங்குகிறது. அதைப் புதுப்பிக்கட்டும். விலைப் பத்திகளோடு ஒரு கூலிப் பத்தியையும் சேர்க்கட்டும்: ஒரு துண்டுக்கு எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, வீட்டிலிருந்து பட்டறைக்கு எத்தனை நிமிடம். அதனருகே, எந்தெந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று இன்னொரு பத்தி. வீடுகள் இடிபட்ட பின் அந்தக் கணக்கை எடுக்க இயலாது.

நேயர்கள் தம்மளவில் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. வருங்கால வைப்பு நிதியிலோ, ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிலோ சேராத, வருமானவரி கட்டாத, 16 முதல் 59 வயது வரையுள்ள தொழிலாளர் யாவரும் இ-சிரம் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இப்பதிவேட்டில் முப்பது கோடிக்கு மேற்பட்டோர் சேர்ந்துள்ளனர். ஆதார் எண், கைப்பேசி, வங்கிக் கணக்கு ஆகியவற்றுடன் அருகிலுள்ள பொதுச் சேவை மையத்திற்குச் சென்றால் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். முதல் முறை பதிவு செய்யக் கட்டணம் இல்லை. என்ன தொழில் என்று கேட்குமிடத்தில் வெறுமனே கூலி என்று எழுதிவிடாமல், தையல், தோல் வேலை, உணவு விற்பனை என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பிறகு மாற்ற அலைய வேண்டியிராது. 2025 ஜனவரி முதல் அந்தத் தளத்தைத் தமிழிலும் படிக்கலாம். ஐயம் இருந்தால் 14434 என்ற தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம்.